அண்ணனுக்குப் போய்விட்டது, தம்பிக்குத் தங்கிவிட்டது: ஹெபடைடிஸ் பி-யும் டி செல்களும்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். கல்லூரியில் நடந்த ரத்ததான முகாமில் அவருடைய 23 வயதுத் தம்பிக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரியவந்தது. வீட்டில் எல்லோரும் பரிசோதித்துக்கொண்டதில் அம்மாவுக்கும் இருக்கிறது. தம்பியின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குப் பல கோடி வைரஸ். ஆனால் எஸ்ஜிபிடி (கல்லீரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) இயல்பான 26, ஸ்கேனில் கல்லீரல் சுத்தம், ஆளும் திடமாகத் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறார். கேள்வி கேட்பவர் கைக்குழந்தையிலிருந்தே ஏற்காட்டில் பாட்டி வீட்டில் வளர்ந்து, பத்தாம் வகுப்பு முடித்த பிறகே சேலத்துக்கு வந்தவர். அவருக்கு வைரஸ் இல்லை. ஆனால் தடுப்பூசி எதுவும் போடாத நிலையில் ஆன்டி-எச்பிசி (வைரஸின் உட்பகுதியான கோர் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி), ஆன்டி-எச்பிஎஸ் (மேலுறைப் புரதத்துக்கு எதிரானது) இரண்டும் பாசிட்டிவ் என்று அறிக்கை சொல்கிறது. தம்பிக்கு மாத்திரை எழுதாமல், "உடம்பு இப்போதைக்கு வைரஸோடு சமாதானமாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள்" என்றாராம் மருத்துவர். "டி செல் என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். அது என் உடம்பில் ஜெயித்து என் தம்பி உடம்பில் ஏன் தோற்றது? அதை எழுப்ப மருந்து உண்டா? கீழாநெல்லி கொடுக்கலாமா?" என்பது அவருடைய கேள்வி.

நான் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவன் அல்லன். நுண்ணுயிரியலும் நோயெதிர்ப்பியலும் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, இப்போது மஞ்சக்குட்டைப் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பவன். ஆகவே தம்பிக்கு மாத்திரை எப்போது தொடங்க வேண்டும் என்பதை அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். டி செல்கள் பற்றிய பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் "தோற்றது" என்ற ஒரு சொல்லை மட்டும் என்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை; பதில் இவ்வளவு நீண்டதற்கு அதுவே காரணம்.

பாடம் நடத்திய காலத்தில், மாணவர்களுக்குக் காட்டுவதற்கென்றே ஒரு ஸ்லைடைப் பத்திரமாக வைத்திருந்தேன். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ள ஒருவரின் கல்லீரலிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கு, மெழுகில் பதித்துச் சீவிச் சாயம் ஏற்றியது. நுண்ணோக்கியில் கல்லீரல் செல்கள் இளஞ்சிவப்பாக வரிசை பிடித்து நிற்கும். அவற்றில் சில மட்டும், மலையேறும் பேருந்தின் சன்னல் கண்ணாடி பனிமூட்டத்தில் மங்குவதுபோல், உள்ளே ஒரே மங்கலாகத் தெரியும். வைரஸின் மேலுறைப் புரதம் செல்லுக்குள் தேங்கிக் கிடப்பதால் வரும் மங்கல் அது. அந்தச் செல்களைச் சுற்றிப் பெரும்பாலும் ஒரு வெள்ளணுகூட இருக்காது. ஸ்லைடைச் சற்று நகர்த்தி, ரத்தக் குழாய்கள் நுழையும் மூலைக்குக் கொண்டுபோனால், கடுகு சிந்தியதுபோல் கருநீலப் புள்ளிகள் குவிந்து கிடக்கும். அவற்றில் பெரும்பகுதி டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள். அந்தக் குவியலின் ஓரத்தில் ஒரு கல்லீரல் செல் சுருங்கி, அடர்சிவப்பு உருண்டையாகிச் செத்துக் கிடக்கும். "வைரஸ் சரக்கு நிரம்பிய செல் சௌக்கியமாக இருக்கிறது, டி செல் வந்த இடத்தில்தான் சாவு விழுந்திருக்கிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்பேன். சற்று நேரம் வகுப்பில் சத்தமே இருக்காது.

தெரிவது இதுதான்: ஹெபடைடிஸ் பி வைரஸ் தான் குடியிருக்கும் செல்லைக் கொல்வதில்லை. கல்லீரல் அழற்சி, மஞ்சள் காமாலை, எஸ்ஜிபிடி ஏற்றம், பல ஆண்டுகள் கழித்து வரும் தழும்பு, கல்லீரல் முழுக்கத் தழும்பேறிப்போகும் சிரோசிஸ் ஆகிய அனைத்தும் பெரும்பாலும் அந்த வைரஸை அகற்ற வந்த நம்முடைய படையின் கைவேலை. தம்பியின் எஸ்ஜிபிடி 26 என்று நிற்பதற்கு, வைரஸ் சும்மா இருக்கிறது என்று பொருளில்லை. கோடிக்கணக்கில் அது பெருகிக்கொண்டுதான் இருக்கிறது. டி செல்கள் கை ஓங்கவில்லை என்பதுதான் அந்த 26-க்குப் பொருள்.

டி செல் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஆன்டிபாடி என்பது ரத்தத்தில் மிதந்து, வெளியே திரியும் வைரஸைப் பிடிக்கும். செல்லுக்குள் புகுந்துவிட்ட வைரஸ் அதன் கைக்கு எட்டாது. அதற்குத்தான் டி செல். அதுவும் வைரஸை நேராகப் பார்ப்பதில்லை. நம் உடம்பின் ஏறத்தாழ ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, எச்எல்ஏ என்னும் ஏந்தலில் வைத்து மேற்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கிறது. எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள அந்தத் துண்டு அந்நியமானது என்றால், அதற்கென்றே அமைந்த சிடி8 டி செல் அடையாளம் கண்டுகொள்ளும். ஹெபடைடிஸ் பி-யின் கோர் புரதத்தில் 18 முதல் 27 வரையுள்ள பத்து அமினோ அமிலங்கள் இப்படி அடிக்கடி ஆராயப்பட்ட ஒரு துண்டு. ஏந்தலும் துண்டும் சேர்ந்தால்தான் டி செல் அடையாளம் காணும் என்பதை 1970-களில் கான்பெராவில் கண்டவர்கள் ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும். 1996-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிடி4 என்னும் இன்னொரு வகை டி செல், சிடி8 செல்லுக்கும் ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்லுக்கும் உதவி செய்து நடத்திக்கொண்டு போகிறது. இந்த உதவி இல்லாவிட்டால் சிடி8 படை நீண்ட நாள் தாங்காது.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருவோம். தடுப்பூசியில் இருப்பது மேலுறைப் புரதம் மட்டுமே. ஆகவே தடுப்பூசி போட்டவருக்கு ஆன்டி-எச்பிஎஸ் மட்டும் வரும். உங்களுக்குக் கோர் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியும் இருப்பதால், முழு வைரஸே ஒரு காலத்தில் உங்கள் உடம்புக்குள் வந்துபோயிருக்கிறது. ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த பிறகு, வீட்டில் பொதுவாக வைத்திருந்த சவரக்கத்தியாலோ வேறு வழியாலோ தொற்றியிருக்கலாம். அந்தச் சமயத்தில் நான்கு நாள் காய்ச்சல், பசியின்மை என்று கழிந்திருக்கும், அல்லது ஒன்றுமே தெரியாமல் போயிருக்கும். வளர்ந்த பிறகு இந்த வைரஸ் தொற்றுகிறவர்களில் 100-க்கு 95 பேருக்கு மேல் இப்படியே விடுபட்டுவிடுகிறார்கள். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளுக்கோ கணக்கு தலைகீழ்: 100-க்கு ஏறத்தாழ 90 பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. ஒரே வீட்டில், ஒரே வைரஸுக்கு இரண்டு விதமான முடிவு வந்ததற்கு, தொற்றிய வயதுதான் முதல் காரணம்.

உங்களுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதைச் சிம்பன்சிகளில் செய்த ஆய்வுகளிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். வைரஸ் நுழைந்து முதல் சில வாரங்களுக்கு உடம்புக்குச் செய்தியே எட்டுவதில்லை. இன்ஃப்ளுயன்சா போன்றவை நுழைந்த உடனே இன்டர்ஃபெரான் என்னும் அபாய மணி அடிக்கும். ஹெபடைடிஸ் பி அதைத் தொடுவதே இல்லை, பூனைபோல் உள்ளே வருகிறது. பிறகு ஒரு கட்டத்தில் கல்லீரல் செல்களில் பெரும்பகுதி தொற்றுக்கு ஆளான பின்னர்தான் டி செல்கள் வந்து சேர்கின்றன. வியப்பு இங்கேதான் இருக்கிறது. அவை தொற்றிய செல்களையெல்லாம் கொன்றால் கல்லீரலே மிஞ்சாது. ஆனால் 1999-இல் வெளிவந்த சிம்பன்சி ஆய்வில், எஸ்ஜிபிடி உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே வைரஸ் டிஎன்ஏ-வின் மிகப்பெரும் பகுதி மறைந்துவிட்டதைக் கண்டார்கள். டி செல்கள் இன்டர்ஃபெரான்-காமா, டிஎன்எஃப் என்ற வேதிச் செய்திகளைச் சுரக்க, அவை பட்ட செல்கள் சாகாமலேயே தமக்குள் இருந்த வைரஸின் பெருக்கத்தை அடக்கிவிட்டன. கொலை மிச்சத்துக்கு மட்டுமே தேவைப்பட்டது. 2003-இல் வந்த இன்னொரு ஆய்வில், தொற்றிய சிம்பன்சியிடமிருந்து சிடி8 செல்களைத் தற்காலிகமாக நீக்கியபோது, அந்தச் செல்கள் திரும்பி வரும்வரை வைரஸும் இறங்கவில்லை, கல்லீரல் நோயும் தொடங்கவில்லை. நோயையும் குணத்தையும் கொண்டுவருவது ஒரே செல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

தம்பியின் கதை பிரசவ அறையில் தொடங்குகிறது. தாயின் ரத்தத்திலிருந்து பிறப்பின்போது வைரஸ் தொற்றியிருக்க வேண்டும். இன்று அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுவிடுகிறார்கள். ஹெபடைடிஸ் பி உட்பட ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் தொடங்கியது. உங்கள் தம்பி அதற்கு முந்தியவர். பிறந்த குழந்தையின் டி செல்கள் எதிர்ப்பதைவிடப் பொறுத்துக்கொள்வதற்கே பழக்கப்பட்டவை. ஒன்பது மாதம் தாயின் செல்களோடு ஒட்டி வாழ வேண்டியிருந்ததால் அப்படி. போதாக்குறைக்கு, வைரஸ் 'இ ஆன்டிஜென்' என்று ஒரு சிறு புரதத்தை ரத்தத்தில் விடுகிறது. புது வைரஸ் கட்டுவதற்கு அது தேவையே இல்லை. தொப்புள்கொடி வழியாகவும் கடக்கக்கூடிய அந்தப் புரதத்தின் வேலை, எதிர்ப்பு மண்டலத்தை மழுங்கடிப்பதுதான் என்று கருதப்படுகிறது.

அடுத்து, வைரஸ் தேர்ந்தெடுத்திருக்கும் இடம். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் நான்கில் மூன்று பங்கு குடலிலிருந்து நேராக வருகிறது. நாம் தின்னும் ஒவ்வொரு கவளத்திலும் அந்நியப் புரதங்கள், குடல் பாக்டீரியாவின் துணுக்குகள். ஒவ்வொன்றுக்கும் கல்லீரல் சண்டைக்கு நின்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் பிழைத்திருக்க முடியாது. ஆகவே அங்கே சண்டையைத் தணிக்கும் ஏற்பாடுகள் பல அடுக்கில் இருக்கின்றன. தணிக்கும் வேதிச் செய்திகள் சுரக்கின்றன. டி செல்லுக்குத் தேவையான அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தை அர்ஜினேஸ் நொதி தின்றுவிடுகிறது. நிணநீர்க் கணுவில் முறையாகப் பயிற்சி பெறாமல் கல்லீரல் செல்லிடமே முதல் அறிமுகம் பெறும் டி செல் பாதியிலேயே செயலிழந்துபோகிறது. கல்லீரலின் நுண்குழாய்ச் சுவரில் சல்லடைபோல் துளைகள் இருக்கின்றன. டி செல் அங்கே ஊர்ந்து வந்து, அந்தத் துளை வழியாகத் தன் உடம்பின் ஒரு முனையை விரல்போல் நீட்டி, மறுபக்கத்துக் கல்லீரல் செல்லைத் தொட்டுப் பார்க்கிறது. எலிகளின் கல்லீரலில் இதை உயிரோட்டமாகப் படம் பிடித்திருக்கிறார்கள். தழும்பேறிய கல்லீரலில் இந்தத் துளைகள் அடைபட்டுப்போவதால், அந்த விரல் நீட்டலும் தடைபடுகிறது.

மூன்றாவது காரணம் சரக்கின் அளவு. இந்த வைரஸின் மரபுத் தொகுதி 3,200 எழுத்துகள் நீளம்தான். டிஎன்ஏ வைரஸ்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. ஆனால் அது ஒரு முழு வைரஸைக் கட்டும் நேரத்தில், உள்ளே ஒன்றுமில்லாத வெற்று மேலுறைகளை ஆயிரம் மடங்குக்கும் மேலாக ரத்தத்தில் விடுகிறது. தம்பியின் பரிசோதனையில் நீங்கள் பார்த்த எச்பிஎஸ்ஏஜி, அதாவது மேலுறைப் புரதம், பெரும்பாலும் இந்த வெற்று உறைகள்தான். ஆன்டிபாடிகளுக்கு வெறும் உறையையே எதிரியாகக் காட்டித் திசைதிருப்புவது ஒரு லாபம். ஓயாமல் ஆன்டிஜெனை, அதாவது எதிர்ப்பைத் தூண்டும் அந்நியப் புரதத்தை, காட்டிக் காட்டி எதிர்ப்பு மண்டலத்தைச் சலிக்கவைப்பது இன்னொரு லாபம்.

அந்தச் சலிப்புக்கு நோயெதிர்ப்பியலில் டி செல் சோர்வு என்று பெயர். ஹெபடைடிஸில் அல்ல, எலிகளுக்கு வரும் எல்சிஎம்வி என்ற வைரஸில்தான் அது முதலில் தெளிவாகத் தெரிந்தது. சில நாளில் தீர்ந்துவிடும் ரகத்தைக் கொடுத்தால் டி செல்கள் பெருகி, வென்று, நினைவுச் செல்களாகச் சுருங்கி ஓய்கின்றன. நீடிக்கும் ரகத்தைக் கொடுத்தால் அதே டி செல்கள் மறையாமலும் வேலை செய்யாமலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை திறன்களை ஒரு வரிசையில் இழக்கின்றன: முதலில் டி செல் பெருகத் தூண்டும் ஐஎல்-2 என்ற வேதிச் செய்தியைச் சுரப்பதும் பெருகுவதும் போகிறது, பிறகு டிஎன்எஃப், கடைசியாக இன்டர்ஃபெரான்-காமா. அவற்றின் மேற்பரப்பில் பிடி-1 முதலான தடைக்கட்டைகள் முளைக்கின்றன. பிடி-1-ஐ 1992-இல் கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகம் கண்டெடுத்தது. ஹைதராபாதில் பிறந்து அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ரஃபி அகமதுவின் குழு, இந்தத் தடையைத் தற்காலிகமாக விலக்கினால் சோர்ந்த செல்கள் மீண்டும் வேலைக்கு வருகின்றன என்று 2006-இல் காட்டியது. 2019-இல் டாக்ஸ் என்ற புரதம்தான் செல்லின் மரபு நூலைச் சுருட்டிச் சோர்வு நிலையைப் பதிய வைக்கிறது என்றும் தெரிந்தது. ஆக, தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் களைப்பு போன்றது அன்று இந்தச் சோர்வு. செல்லின் இயல்பே மாறிப்போகிறது.

அந்த 2006 ஆய்விலேயே இன்னொரு செய்தி இருந்தது. பிடி-1 தடைக்கு எதிர்க்கொக்கியாகிய பிடி-எல்1 என்ற புரதமே இல்லாமல் பிறந்த எலிகளுக்கு, அதே நீடிக்கும் வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். தடையே இல்லாத டி செல்கள் வைரஸை ஒழித்துவிட்டு எலிகளை நலமாக வைத்திருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? எலிகள் சில நாட்களில் இறந்துபோயின. கொன்றது வைரஸ் அன்று. சோர்வே அறியாத டி செல்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் காப்பித் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. சேர்வராயன் மலையில் அராபிகா வைத்திருக்கும் எவருக்கும் தண்டுத் துளைப்பான் தெரியும். வண்டு பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு தண்டுக்குள் நுழைந்து சுரங்கம் வெட்டும். மேலே இலை கொஞ்ச நாளைக்குப் பச்சையாகவே இருக்கும். தண்டில் மோதிரம்போல் மேடு தட்டுவதை விரலால் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ட செடியை வண்டு பறக்கும் பருவத்துக்கு முன்பே பிடுங்கி எரித்துவிட வேண்டும் என்பது விதி. ஏக்கருக்குப் பத்துச் செடி என்றால் எந்த விவசாயியும் யோசிக்காமல் பிடுங்குவான். நான் இந்தத் தோட்டத்தை வாங்கிய வருடம், ஒரு மேட்டில் தடவிப் பார்த்த செடிகளில் பாதிக்கு மேல் மேடு தட்டியிருந்தது. அத்தனையையும் பிடுங்கியிருந்தால் பூச்சியும் போயிருக்கும், தோட்டமும் போயிருக்கும். நிழலைக் கூட்டி, மோசமானதை மட்டும் வருடா வருடம் எடுத்து, மற்றதைக் கவனித்துக்கொண்டே காய்ப்பு எடுத்தோம். வந்து பார்த்த பக்கத்துத் தோட்டக்காரர் என்னைச் சோம்பேறி என்றுதான் நினைத்திருப்பார். உங்கள் தம்பியின் கல்லீரலில் இருப்பது ஏறத்தாழப் பதினாயிரம் கோடி செல்கள். அவற்றில் பெரும்பகுதியில் வைரஸ். செடியைக் காப்பாற்றிப் புழுவை மட்டும் கொல்லும் மருந்து, அதாவது போதுமான இன்டர்ஃபெரான்-காமா சுரக்கும் பெரும்படை, அவரிடம் உருவாகவில்லை. மிச்சம் இருக்கும் வழி பிடுங்குவது மட்டும். அதை டி செல்கள் அடக்கிக்கொண்டிருப்பதைத் தோல்வி என்று நான் எப்படிச் சொல்வேன்?

உவமையோடு நின்றுவிடாமல், மருத்துவர் சொன்ன "சமாதானம்" என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்துக்கு முன்பு பொறுத்துக்கொள்ளும் கட்டம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். 2017-இல் ஐரோப்பியக் கல்லீரல் சங்கம் அந்தப் பெயரை விட்டுவிட்டு, 'இ ஆன்டிஜென் பாசிட்டிவ் நாள்பட்ட தொற்று' என்று மாற்றியது. காரணம் உண்டு. இளைஞர்களிடமும் வைரஸுக்கு எதிரான டி செல்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டின. அந்த வயதிலேயே வைரஸின் டிஎன்ஏ துண்டுகள் கல்லீரல் செல்லின் குரோமோசோமில் பதிந்திருப்பதையும், சில செல்கள் மட்டும் குடும்பம் குடும்பமாகப் பெருகியிருப்பதையும் கண்டார்கள். யாரோ சில செல்களைச் சத்தமில்லாமல் கொன்றுகொண்டிருந்தால்தான் மற்றவை அந்த இடத்தை நிரப்பப் பெருகும். ஆகவே சமாதானம் என்பது முழு உண்மை இல்லை. கை ஓங்காத காவல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கை ஒரு நாள் ஓங்கவும் கூடும். 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் பலருக்கு, முன்னறிவிப்பு இல்லாமல், எஸ்ஜிபிடி நூற்றுக்கணக்கில் ஏறுகிறது. டி செல்கள் மீண்டும் தாக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். சில சமயம் அந்தத் தாக்குதலில் இ ஆன்டிஜென் மறைந்து, வைரஸ் வெகுவாக அடங்கி, நல்ல முடிவுக்கு வரும். சில சமயம் அடக்கவும் முடியாமல் விடவும் முடியாமல், கொன்று தழும்பாக்கிக் கொன்று தழும்பாக்கி, இருபது முப்பது ஆண்டுகளில் சிரோசிஸில் கொண்டுவிடும். லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2000-இல் சொன்னது இதில் முக்கியம்: வைரஸை அடக்கி வைத்திருப்பவர்களின் கல்லீரலிலும், அழற்சியால் அவதிப்படுபவர்களின் கல்லீரலிலும் வைரஸை அடையாளம் காணும் சிடி8 செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டாம் வகையினரிடம் கூடுதலாக இருந்தவை, வைரஸை அடையாளமே தெரியாமல், கூட்டத்தைப் பார்த்து உள்ளே நுழைந்த மற்ற வெள்ளணுக்கள். தேர்த்திருவிழாவில் சண்டை யாருக்கும் யாருக்கும் என்று தெரியாமல் கை நீட்டுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா! ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது இந்தக் கட்டம் எப்போது தொடங்குகிறது என்று பிடிக்கத்தான். ஒருவருக்கு எந்த வலியும் இல்லாமலே அது தொடங்கிவிடும்.

ஹெபடைடிஸ் சி பற்றி ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறேன், ஏனெனில் உங்கள் வீட்டில் அது இல்லை. அது ஆர்என்ஏ வைரஸ்; நகலெடுப்பதில் பிழை மிகுதி. ஆகவே டி செல் எந்தத் துண்டை அடையாளம் வைத்ததோ அந்தத் துண்டையே மாற்றிக்கொண்டு தப்பித்துவிடுகிறது. வளர்ந்தவர்களிலும் பத்தில் ஏழு பேர் அளவுக்கு அது நிலைத்துவிடுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் செல்லின் கருவுக்குள் நிரந்தர டிஎன்ஏ எதையும் அது விட்டுவைப்பதில்லை என்பதால், 8 முதல் 12 வார மாத்திரையில் 100-க்கு 95 பேருக்கு மேல் முழுக் குணம் கிடைக்கிறது. குணமான பிறகும் அவர்களுடைய டி செல்களின் மரபு நூலில் பழைய சோர்வின் தழும்பு அப்படியே இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மறுபடி தொற்ற முடியும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

ஹெபடைடிஸ் பி-யில் அந்த வசதி இல்லை. வைரஸின் டிஎன்ஏ கல்லீரல் செல்லின் கருவுக்குள் வட்டமாக மூடிய ஒரு சிறு வளையமாகத் தங்கிவிடுகிறது. அதுதான் வித்து. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் புது வைரஸ் உருவாவதை நிறுத்தும், வித்தைத் தொடாது. பல ஆண்டுகள் மாத்திரையில் வைரஸ் அடங்கியிருப்பவர்களிடம் டி செல்கள் ஓரளவு தெளிந்து வருகின்றன என்பது ஆறுதலான செய்திதான். ஆனால் மாத்திரை தொடங்கிய பின் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால், வைரஸ் துள்ளி எழ, தெளிந்திருந்த டி செல்கள் ஒரே மூச்சில் பாய்ந்து, கல்லீரலே செயலிழக்கும் அளவுக்கு நிலைமை போகலாம். இதை யாராவது ஒருவர் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதால் வந்த துயரத்தை நான் உறவுக்குள்ளேயே பார்த்திருக்கிறேன்.

எழுப்ப மருந்து உண்டா என்று கேட்டிருந்தீர்கள். புற்றுநோய்க்குத் தரும் பிடி-1 தடைநீக்கி மருந்தை மிகக் குறைந்த அளவில் ஹெபடைடிஸ் பி உள்ள சிலருக்குக் கொடுத்துச் சிறிய சோதனை நடந்திருக்கிறது. 2019-இல் வெளியான அந்த முடிவில் ஒருவருக்கு மேலுறைப் புரதம் மறைந்தது. ஊசியாகப் போடும் இன்டர்ஃபெரான் பல காலமாக இருக்கிறது. சிறு பங்கினருக்கு மட்டும் பலன் தருகிறது. மேலுறைப் புரதத்தின் உற்பத்தியையே குறைத்து, டி செல்லுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும் மருந்துகளை இப்போது சோதித்து வருகிறார்கள். அந்த வகையில் பெபிரோவிர்சென் என்ற மருந்து 2022-இல் வெளியான சோதனையில் பத்தில் ஒருவர் அளவுக்குப் பலன் தந்தது. எல்லோரும் அஞ்சி அஞ்சி அடியெடுத்து வைப்பதற்குக் காரணம் நான் மேலே சொன்ன எலிகள்தான்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்டதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், எச்பிஎஸ்ஏஜி-யைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற பாருக் பிளம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, கீழாநெல்லி கொடுத்தவர்களில் 59 சதவீதத்தினருக்கு அந்தப் புரதம் மறைந்தது என்று லான்செட் இதழில் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வெவ்வேறு நாடுகளில் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அம்மா மோரில் அரைத்துக் கொடுப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆறு மாதப் பரிசோதனைக்குப் பதிலாக அதைக் கொடுப்பதைத்தான் தடுக்க வேண்டும். "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று சேலம் ஐந்து ரோட்டில் விற்கும் பொடி டப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை: தம்பியின் கல்லீரலில் எதிர்ப்புச் சக்தி கண்மண் தெரியாமல் கூடுவதைத்தான் நாம் எல்லோரும் பயந்து கண்காணித்துக்கொண்டிருக்கிறோம்.

தம்பிக்குத் திருமணம் பேசும்போது பெண்ணுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுவிட்டால் போதும். மறைப்பதற்கோ கல்யாணத்தை நிறுத்துவதற்கோ இதில் ஒன்றுமில்லை. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் மருந்து இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். அம்மாவை மறந்துவிட வேண்டாம். அவர் வயதில் எஸ்ஜிபிடி, வைரஸ் அளவு, ஸ்கேன் மூன்றும் தம்பியைவிட அவருக்குத்தான் அவசரம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, உங்களைப் பற்றியது. நீங்கள் ஜெயித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கல்லீரல் செல்களில் சிலவற்றில் அந்த வட்ட டிஎன்ஏ வளையம் இன்னும் இருக்கக்கூடும். டி செல்களும் பி செல்களும் ஆயுள் முழுக்க அதன்மேல் கண் வைத்திருப்பதால்தான் அறிக்கையில் வைரஸ் இல்லை என்று வருகிறது. நிணநீர்ப் புற்றுநோயாகிய லிம்போமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ரிட்டுக்சிமாப் என்ற மருந்தையும், புற்றுநோய்க்குக் கீமோ மருந்துகளையும், நீண்ட நாள் ஸ்டீராய்டையும் கொடுக்கும்போது அந்தக் காவல் விலக, முப்பது ஆண்டுக்கு முன் குணமானவர்களுக்கும் வைரஸ் திரும்பி வந்திருக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால் தடுப்பு மாத்திரை கொடுத்து அதை எளிதில் தவிர்த்துவிடலாம். ஆகவே ஆன்டி-எச்பிசி பாசிட்டிவ் என்று வந்த அந்தத் தாளைத் தம்பியின் கோப்பில் அல்ல, உங்கள் பெயரில் ஒரு கோப்புப் போட்டு அதில் வையுங்கள். எந்த வயதில் எந்தப் பெரிய சிகிச்சைக்குப் போனாலும் அதை முதலில் எடுத்துக் காட்டுங்கள்.